உக்கும் மரமும் ஊரார் உரிமையும்

காட்டில் விழுந்து கிடக்கும் மரம் வெறுங் குப்பை என்றொரு கொள்கை நம் நாட்டிலே நிலவுகின்றது. அதைக் கொள்கை என்று எவரும் சொல்வதில்லை; கணக்கு என்றே சொல்வர். நிற்கும் மரத்துக்குக் கன அளவு உண்டு, விலை உண்டு, அனுமதிச்சீட்டு உண்டு. விழுந்து, பட்டை கழன்று, தொட்டால் பொடியாய் உதிரும் மரத்துக்கோ பதிவேட்டில் ஓர் இடமும் இல்லை. ஒரு துண்டு நிலத்தைத் 'துப்புரவு' செய்ய வேண்டும் என்று எந்த அலுவலகம் தீர்மானித்தாலும், புல்டோசர் ஒதுக்கிக் குவித்துத் தீயிடுவது இந்த மரத்தைத்தான். அன்று எரிவது இன்னதென்று எரிப்பவனுக்கும் தெரியாது. எரிக்கச் சொன்னவனுக்கும் தெரியாது. இது பொய்க்கணக்கு என்கிறோம். யாருடைய நலனுக்காக இக்கணக்கு முதலில் எழுதப்பட்டது என்பதையும் திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்துச் சொல்ல விரும்புகிறோம்.

"சோற்றுக்கு வழியில்லாத மக்களிடம் காளானைப் பற்றிப் பேசுவதா?" என்று நம் நண்பர்களிலேயே சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்கள் 2021ஆம் ஆண்டைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலின் மூலம் இரசாயன உர இறக்குமதி முழுவதும் தடுக்கப்பட்டது. நாடு முழுவதும் இயற்கை உரத்துக்கு மாறிவிடும் என்றனர். மாறுவதற்கு உரம் எங்கே? அதையும் கப்பலில் வரவழைக்கத் துணிந்தனர்! சீனத்திலிருந்து 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் 20,000 தொன் இயற்கை உரத்தோடு வந்தது. அனுப்பப்பட்ட மாதிரிகளில் பயிருக்குத் தீங்கான பற்றீரியா இருப்பதாக நமது தாவரத் தொற்றுத்தடை ஆய்வாளர் கூறவே, சரக்கு இறக்கப்படவில்லை. இறக்கப்படாத சரக்குக்காக ஏறத்தாழ 67 இலட்சம் டொலர் மட்டும் கொடுக்கப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போகம் பாழ்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு நாடு எந்த நிலைக்கு வந்தது என்பதை வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

உக்கிய காட்டு மரத்தைக் குவித்து எரிக்கும் ஒரு நாடு, உக்கிய பொருளைக் கடல் கடந்து விலைக்கு வாங்கப் போன கதை இது. உக்கல் என்பது ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படிந்து உண்டாகும் பொருளன்று. அதற்கென ஒரு வேதியியல் உண்டு. அந்த வேதியியலுக்கென ஒரு காலம் உண்டு. அதைப் படிக்காமல் போட்ட கையெழுத்துத்தான் உழவனின் களத்தை வெறுமையாக்கியது. ஆதலின், சோற்றுக்கும் காளானுக்கும் தொடர்பில்லை என்று சொல்லும் உரிமை 2021க்குப் பிறகு எவருக்கும் இல்லை.

முதலில் மண்ணைப் பார்ப்போம். திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் அழகையும் வியந்து எழுதிய வெள்ளையர் பலர். அதன் கரையிலே நிற்கும் குன்றுகளின் வறுமையை அவர்கள் எழுதவில்லை. அக்குன்றுகளில் பல குவாட்சைற்றுப் பாறையால் ஆனவை. அது பெரும்பாலும் சிலிக்காவே. ஆயிரம் ஆண்டு மழை பெய்து கரைத்தாலும் அதிலிருந்து கல்சியமோ பொசுபரசோ பயிருக்குப் போதிய அளவிற் கிடைக்காது. உள்நாட்டுப் பக்கம் போனால் உலர்வலயத்துக்குரிய செங்கபில மண்; காய்ந்தால் செங்கல், நனைந்தால் பசை. வெப்பத்தின் மிகுதியால் அதில் சேரும் உயிர்ப்பொருள் விரைவில் சிதைந்து போகின்றது. மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையிலே கொட்டி முடிந்துவிடும். அப்புறம் கச்சான் காற்று மண்ணை உலர்த்தும். இத்தகைய நிலத்தின் மீதுதான் பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் ஓங்கி நிற்கின்றன. பாறை தராததை இம்மரங்கள் எங்கிருந்து பெறுகின்றன? முன்னே நின்று விழுந்த மரங்களிலிருந்தும் உதிர்ந்த சருகிலிருந்தும் பெரும்பகுதியைப் பெறுகின்றன. இங்கே காட்டின் முதல் அதன் மேற்பரப்பில், விரற்கடை ஆழத்திற்குள் கிடக்கின்றது. புல்டோசரின் அலகு சுரண்டி எடுப்பதும் அந்த விரற்கடையைத்தான்.

விழுந்த மரம் எப்படி மண்ணாகின்றது? பள்ளிப் புத்தகத்தில் உணவுச் சங்கிலிப் படத்தின் அடியில் 'பிரிகையாக்கிகள்' என்ற ஒரு சொல் இருக்கும். ஓர் அம்புக்குறி இருக்கும். அத்தோடு பாடம் முடிந்துவிடும். அந்த அம்புக்குறிக்குள் நடப்பதை ஆசிரிய நண்பர்கள் பிள்ளைகளுக்கு விரித்துச் சொன்னால் அது ஒரு பருவத்துக்கான பாடமாகும். மரக்கட்டையில் உள்ளவை முக்கியமாகச் செலுலோசு, அதனோடு பின்னிய அரைச்செலுலோசு, இவற்றைச் சீமெந்துபோல் இறுக்கிப் பிடிக்கும் இலிக்னின். செலுலோசைத் தின்ன வல்லவை பல. இலிக்னினை உடைக்க வல்ல உயிர்களோ மிகச் சில. வெண்உக்கலை உண்டாக்கும் பங்கசுகள் அவற்றுள் தலையானவை. அவை சுரக்கும் நொதியம் இலிக்னினை ஒட்சியேற்றிச் சிதைக்கும் விதத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டது 1983இல்தான். சந்திரனில் மனிதன் காலடி வைத்துப் பதினான்கு ஆண்டு கழிந்த பின்னரே ஒரு விறகுக்கட்டை எப்படி உக்குகின்றது என்பது மனிதனுக்குத் தெரிந்தது! கபில உக்கற் பங்கசுகளின் வழி வேறு. அவை ஒட்சாலிக் அமிலத்தைச் சுரந்து, இரும்பையும் ஐதரசன் பேரொட்சைட்டையும் துணைக்கொண்டு செலுலோசைத் தகர்க்கின்றன. இலிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. சதுரஞ் சதுரமாய் வெடித்து, பிசைந்தால் கபிலத் தூளாகும் கட்டையைக் காட்டில் நடந்தவர்கள் கண்டிருப்பர். அந்த ஒட்சாலிக் அமிலம் கனிமத் துணுக்குகளையும் அரித்து, அவற்றில் பூட்டிக் கிடக்கும் பொசுபரசை விடுவிக்கவும் உதவுகின்றது.

இனி உழவனுக்கு நேரே வந்து சேரும் செய்தி. மரக்கட்டையில் நைதரசன் ஒரு பங்கு இருந்தால் காபன் பல நூறு பங்கு இருக்கும். பங்கசின் உடலிலோ ஒரு பங்கு நைதரசனுக்குக் காபன் ஏறத்தாழப் பத்து இருபது பங்கே. ஆகவே கட்டையை மட்டும் தின்று பங்கசு வளர முடியாது. நூலிழைகளை மண்ணுக்குள் அனுப்பி, அங்குள்ள நைதரசனையும் பொசுபரசையும் கட்டைக்குள் இழுத்து வருகின்றது. காபன் காற்றிற் கலந்து குறையக் குறைய, இழுத்து வந்தவை கட்டைக்குள் செறிகின்றன. உக்கி முடிந்த பின்னரே அவை மண்ணுக்கு மீளுகின்றன. முதலில் கடன், பிறகு வட்டியோடு திருப்பம். இடையில் கழிவது பல ஆண்டு. சிறு சுள்ளிகள் ஒன்றிரண்டு மாரியில் உக்கிவிடலாம். பாலை, கருங்காலி போன்றவற்றின் வைரம் பல பத்தாண்டு தாங்கும். அரைகுறையாய் உக்கிய குப்பையையும் மரத்தூளையும் வயலிலே கொட்டினால் பயிர் மஞ்சளித்துப் போவது இதனால்தான்: உரம் என்று இட்ட பொருளே பயிரின் நைதரசனைப் பறித்துக்கொள்கின்றது. 2021இல் வர்த்தமானி எழுதியோர் இந்த ஒரு பத்தியை அறிந்திருந்தால், 'நாளை முதல்' என்ற சொல்லை எழுதக் கை கூசியிருக்கும்.

ஈரமற்ற மாதங்களில் பங்கசு உறங்கிவிடும். அப்போது யார் வேலை செய்வது? கறையான்! நம் உலர்வலயக் காட்டில் புற்றெழுப்பும் கறையான் இனங்கள் மரத்தைத் தின்று, புற்றுக்குள் கொண்டுபோய்ப் பஞ்சுபோன்ற அறைகளாக அடுக்கி, அதன்மேல் ஒருவகைப் பங்கசை வளர்த்து, பங்கசு பதப்படுத்திய பின் அதையே உண்கின்றன. வெளியே நிலம் வெடித்துக் கிடக்கும்போதும் புற்றின் உள்ளே ஈரம் காக்கப்படுகின்றது. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான் இந்தத் தோட்டத்தின் பூவே. தரங்கம்பாடியில் வாழ்ந்த மருத்துவர் கோனிக் 1779இலேயே இக்கறையான் தோட்டத்தை எழுதி வைத்தார். பேராதனையில் அரசாங்கப் பங்கசு ஆய்வாளராக இருந்த தொம் பெச் 1906இல் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். புற்றுமண்ணை அள்ளி வயலில் இட்ட உழவனோ இருவருக்கும் முந்தியவன். அவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

பெச்சின் பெயரைச் சொன்ன இடத்தில் சற்று நிற்க வேண்டும். இந்நாட்டிலே பங்கசு அறிவியல் எவ்வாறு பிறந்தது? 1869இல் கோப்பிச் செடியில் துரு நோய் காணப்பட்டது. தோட்டத் துரைமார் கலங்கினர். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிஞர் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். ஒரே பயிரை மலை மலையாக நட்டால் நோய் பரவ நீங்களே வாசல் திறந்து வைத்தவராவீர்கள் என்ற கருத்தை அவருடைய ஆய்வு உணர்த்திற்று. துரைமார் கோப்பியைப் பிடுங்கித் தேயிலையை நட்டனர், அதையும் மலை மலையாக! பின்பு பெச் வந்தார். இறப்பர், தேயிலை நோய்களைப் பற்றி நூல்கள் எழுதினார். காடழித்து நட்ட தோட்டத்தில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை உக்கும்போது அதிலிருந்து வேர்நோய்ப் பங்கசு பயிருக்குத் தாவும். ஆகவே அடிக்கட்டையைப் பிடுங்கி எறிக என்பது தோட்டத்துக்கான அறிவுரை. தோட்டத்துக்கு அது சரியான அறிவுரையே. பெச் பெரிய அறிஞர் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. ஆனால் தோட்டத்துக்குச் சொன்ன அறிவுரை நாளடைவில் நாட்டுக்கே பொதுவிதியாகிவிட்டது. உக்கல் என்றால் நோய், நோய் என்றால் நட்டம் என்று எண்ணப் பழகிவிட்டோம். ஆண்டு அறுபது எழுபது ஆகியும் நம் அலுவலகங்களின் மூளையில் துரையின் கணக்குப் புத்தகம் மூடப்படாமல் கிடக்கின்றது.

திருகோணமலைக்கும் அக்கணக்குக்கும் பழைய உறவு. ஹல்மில்லை என்று சிங்களத்திலும் சாவண்டலை என்று தமிழிலும் சொல்லும் மரத்துக்கு ஆங்கில வணிகர் இட்ட பெயரே 'திருகோணமலை மரம்'. சென்னைக் கரையில் அலைகளை ஏறிக் கடக்கும் மசூலாப் படகுகளுக்கும், பீப்பாய்களுக்கும், வண்டிகளுக்கும் அம்மரம் ஏற்றது என்று பெயர் பெற்றது. கருங்காலியும் முதிரையும் சீமைக்குப் போயின. மரம் போன வழியைச் சட்டம் செப்பனிட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணி என்றது. 1885இல் காட்டுக் கட்டளைச்சட்டம் பிறந்தது. 1907இல் அதனிடத்தில் வந்த சட்டம் திருத்தங்களோடு இன்றும் வாழ்கின்றது. அந்த 1885இல்தான், ஜெர்மனியில் பிராங்க் என்ற அறிஞர் மரவேரும் பங்கசும் ஒன்றையொன்று ஊட்டி வாழும் உறவுக்கு 'மைக்கோரைசா' என்ற பெயரைச் சூட்டினார். ஓரிடத்தில் காட்டின் உயிர்த்தொடர்பு கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டிலே, மற்றோரிடத்தில் காடு ஒரு சரக்கறையாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. அச்சட்டத்தின் கண்ணுக்குச் சேனை செய்தவன் அழிகாரன்; கப்பலேற்றியவன் வணிகன்.

(பங்கசு இழைகளால் மரங்கள் ஒன்றோடொன்று பேசிப் பகிர்ந்து வாழ்கின்றன, காடே ஒரு சமதருமச் சங்கம் என்று பாடும் மேல்நாட்டுப் புத்தகங்கள் இப்போது நன்றாக விற்கின்றன. நமக்கு அந்தப் பாட்டு வேண்டாம். பங்கசு எவருக்கும் தோழனன்று, கிடைத்ததைத் தின்கின்றது. மனிதர் நீதியை மனிதர்தாம் செய்ய வேண்டும்.)

விறகுக்கு வருவோம். சமையல் வாயு கிடையாமற்போன 2022இல் நகரத்து வீடுகளும் அடுப்பு மூட்டின. கிண்ணியாவிலும் மூதூரிலும் வெருகலிலும் பல வீடுகளுக்கு அது புதிய செய்தியே அன்று. அவர்கள் அடுப்பு என்றும் விறகடுப்புத்தான். தலைச்சுமையாய்ச் சுள்ளி கொண்டுவரும் பெண்ணை, ஒதுக்கிய காட்டினுள் அனுமதியின்றி நுழைந்தாள் என்று சட்டம் குற்றவாளியாக்குகின்றது. இப்போது அவளுக்கு இன்னொரு நீதிபதியும் கிடைத்திருக்கிறார்: குளிரூட்டிய மண்டபத்தில் 'காட்டைக் காப்போம்' என்று பேசும் கனவான். 'வீழ்மரமே காட்டின் உரம். அதைப் பொறுக்குவோரே காட்டின் பகைவர்' என்று அவர் நாம் மேலே சொன்ன அறிவியலையே எடுத்து அவள் தலையில் அடிக்கிறார்.

இவ்வழக்கு புதிதன்று. 1841இல் ரைன் மாநில மன்றம், காட்டில் உதிர்ந்த விறகைப் பொறுக்குவதையும் களவு என்று தீர்க்கும் சட்டமூலத்தை விவாதித்தது. இருபத்து நான்கு வயதுப் பத்திரிகையாளர் ஒருவர் அதை எதிர்த்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். மரத்தினின்றும் இயற்கையே பிரித்துவிட்ட கிளை மரத்துக்காரனின் சொத்தாக எப்படி இருக்க முடியும் என்பது அவர் கேள்வி. பொருளாதாரத்தை ஆராயத் தம்மை முதலில் தூண்டியவற்றுள் அந்த விறகு வழக்கும் ஒன்று என்று பின்னாளில் அவரே எழுதினார். கார்ல் மார்க்ஸ் என்ற பெயரைச் சொன்னால் வாசகர் வியப்படையமாட்டார்கள்.

ஆயினும் வழக்கின் மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். அதே ஜெர்மனியில் 1876இல் எபர்மாயர் என்ற மண்ணியலறிஞர் காட்டுச் சருகைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். ஆண்டாண்டாகச் சருகை வாரிச் சென்று மாட்டுக்கு மெத்தையாக்கிய காடுகளில் மண் மெலிந்து போனதை அவர் அளவிட்டுக் காட்டினார். வாரியவர்கள் ஏழை உழவர்களே. சுள்ளியிலும் பட்டையிலும், நிறைக்கு நிறை பார்த்தால், வைரத்திலும் மிகுதியாகச் சத்து இருக்கின்றது என்பதும் உண்மை. அப்படியானால் கனவான் சொல்வது சரிதானா? இல்லை. எடுக்கும் அளவென்ன, எடுத்தது எங்கே போகின்றது என்று கேளுங்கள். ஒரு தலைச்சுமை காட்டின் ஓரத்துக் காய்ந்த சுள்ளி. அதன் சாம்பல் வீட்டு முருங்கைக்கும் தென்னைக்கும் போகின்றது. நைதரசன் புகையாய்ப் போனாலும் கல்சியமும் பொட்டாசியமும் ஊரிலேயே தங்குகின்றன. காட்டின் அடிமரமோ லொறியேறிப் போனால் திரும்பாது. குவித்துத் தீயிட்டால், பல ஆண்டு சேர்ந்த நைதரசன் ஒரு மாலையிலே வானேறும். மிஞ்சிய சாம்பலை முதல் மாரி கடலுக்குக் கொண்டுபோகும். யுத்த காலத்தில் பாதுகாப்பு என்ற பெயரால் வீதிகளின் இருமருங்கும் வெட்டி வெளியாக்கப்பட்ட காட்டை எந்தச் சுமைகாரி சுமந்தாள்? குடியேற்றத் திட்டங்களுக்காகக் கந்தளாயிலும் அல்லையிலும் அழிந்த காட்டின் அடிமரங்களை எந்த அடுப்பு எரித்தது? காடு மெலிந்ததற்கு அவளையும் புல்டோசரையும் ஒரே கூண்டில் ஏற்றுவது நடுநிலைமை அன்று.

சம்பூரை எடுத்துக்கொள்வோம். 2006இன் யுத்தத்தில் அவ்வூர் மக்கள் துரத்தப்பட்டனர். அவர்கள் திரும்புவதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டு ஆயிற்று. அந்த மண்ணிலே 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் ஒன்று அமைக்க இந்திய நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தனர். மக்களும் சூழலியலாளரும் எதிர்த்தனர். 2016இல் திட்டம் கைவிடப்பட்டது. நிலக்கரி என்பதென்ன? முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்து, உக்காமற் புதைந்த மரம். அக்காலத்தில் இலிக்னினை உடைக்கும் பங்கசு இன்னும் தோன்றவில்லை, அதனாற்றான் அத்தனை மரம் கரியாயிற்று என்று 2012இல் சில ஆய்வாளர் மரபணுச் சான்றோடு கூறினர். சதுப்பும் தட்பவெப்பமுமே காரணம் என்று 2016இல் வேறு சிலர் மறுத்தனர். வழக்கு நடக்கட்டும். உக்காத பழைய மரத்தை ஆயிரம் மைல் தாண்டிக் கப்பலில் கொண்டுவந்து எரிப்பதற்காக, உக்கி உயிரூட்டும் மரம் நின்ற நிலத்தைத் துப்புரவாக்குவதே அத்திட்டத்தின் பொருள். 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்கவிழா நடந்தது. கரியைவிடச் சூரியன் நல்லது. அதில் எமக்கு மறுப்பில்லை. எவ்வொளியானாலும் அதற்காக ஒதுக்கப்படும் நிலத்தில் என்ன கிடக்கின்றது, அது எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் மாறாது.

துறைமுகத்தின் மறுபக்கத்திலே சீனன்குடாவில், வெள்ளையர் இரண்டு உலக யுத்தங்களுக்கு நடுவே எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 99 தாங்கிகளைப் பற்றி 2022 ஜனவரியில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எவருக்கு எத்தனை என்று பத்திரிகைகள் எண்ணி எண்ணி எழுதின. மேற்பக்கத்துத் தாங்கிகள் பலவற்றைக் காடு மூடிவிட்டது. கைவிட்ட நிலத்தில், எவருடைய கட்டளையுமின்றிச் சருகு விழுந்து, கட்டை உக்கி, மண்ணாகி, மரம் ஏறியிருக்கின்றது. அந்தக் காட்டை எண்ணிச் சொன்ன பத்திரிகை ஒன்றையும் நாம் காணவில்லை.

உலகக் காடுகளில் உள்ள காபனில் சுமார் 8 விழுக்காடு இறந்த மரத்தில் இருக்கின்றது என்று 2011இல் ஒரு பன்னாட்டுக் கணிப்புக் கூறிற்று. ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமன்று. திருகோணமலையில் எந்தத் திட்டத்துக்காகச் சூழல் அறிக்கை எழுதினாலும், நிற்கும் மரத்தோடு விழுந்த மரத்தையும் அளந்து எழுதுக. வெட்டிய இடத்தில் அடிமரத்தை எரிக்காமல், சரிவுக்குக் குறுக்கே கிடத்துக. அது மண்ணைத் தடுக்கும், பின் மண்ணாகும். ஓரக் காட்டில் தலைச்சுமைச் சுள்ளி பொறுக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்திலே தருக. எந்தக் காட்டில், எந்த மாதத்தில், எவ்வளவு என்பதை அந்த ஊரே, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் அவ்வவ்விடத்தில் கூடி முடிவு செய்க. தேனெடுத்தும் வேட்டையாடியும் அக்காட்டை அறிந்த வெருகற் கரையோர வேடர் அக்கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கட்டும். ஆசிரிய நண்பர்களே, வருகின்ற மாரியில் உங்கள் மாணவரை ஒரு விழுந்த பாலை மரத்தின் அருகே அழைத்துச் செல்லுங்கள். கட்டையை ஒவ்வொரு மாதமும் அளக்கச் சொல்லுங்கள். எத்தனை வகைக் காளான், எத்தனை வகைப் பூச்சி, எவ்வளவு ஈரம் என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று மாரி எழுதிய அந்தக் கொப்பியைக் கையிலே கொண்டு, துப்புரவுக்கு உத்தரவிடும் அலுவலகத்தின் வாசலில் போய் நிற்போம்.